பாவித்த ஒயில் கூலர்: கழுவுவதும் மாற்றுவதும், குறைந்த செலவில்

மலைப் பாதையில் ஓடும் டீசல் வாகனத்துக்கு ஒயில் கூலர் கட்டாயமான உறுப்பு. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கோ, கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கோ பாரத்துடன் ஏறுகிற லொறி, இரண்டாம் கியரில் எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டு மெதுவாகவே நகர்கிறது; முன்னாலிருந்து வரும் காற்றோ குறைவு, ஒயிலில் சேரும் வெப்பமோ அதிகம். வழமையான ஓட்டத்தில் 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரை இருக்கும் ஒயில் 130 பாகையைத் தாண்டினால் நீர்த்துப்போய், பெயாரிங்குக்கும் அதில் சுழலும் கிராங் தண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டிய படலம் மெலிந்துவிடும். அந்த வெப்பத்தை வாங்கி ரேடியேட்டர் தண்ணீரிடமோ நேரடியாகக் காற்றிடமோ ஒப்படைப்பதுதான் கூலரின் வேலை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கொழுந்து லொறிகள், மரக்கறி லொறிகள், பாடசாலை வேன்கள் எல்லாம் பழைய எஞ்சின்களைத் திருத்தித் திருத்தியே ஓடின. இன்றும் அவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் ஓடுகின்றன. ஆகவே புதிய கூலர் வாங்கக் கையில் பணமில்லாதவர் பாவித்த ஒன்றைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் இந்த வேலையில் மிச்சப்படும் பணம் மலிவான சாமானில் இல்லை, கழற்றிய பின் செய்யும் சோதனையில்தான் இருக்கிறது. கூலர் போய்விட்டது என்று கராஜில் சொல்லப்படும் பல வாகனங்களில் உண்மையில் போயிருப்பது அதன் மூட்டுகளில் கசிவைத் தடுக்கும் கெஸ்கட் அல்லது ஓ-ரிங் மட்டுமே. அதனால் முதலில் கெஸ்கட், அடுத்து கழுவுதல், அதற்கும் சரிவராவிட்டால் பாவித்த கூலர் என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

பழுது கூலரில்தானா

கூலரில் இரண்டு வகை உண்டு. எல்ஃப், கென்டர் போன்ற லொறிகளிலும் பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களிலும் இருப்பது தண்ணீரால் குளிரும் வகை: மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்த கோர் ஒன்று எஞ்சின் புளொக்கின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும், அல்லது வட்டமான சிறு டப்பா ஒன்று ஒயில் ஃபில்டருக்கும் புளொக்குக்கும் நடுவில் பொருத்தப்பட்டிருக்கும். மற்றது, ரேடியேட்டருக்கு முன்னால் இரண்டு ஹோஸ்களுடன் நிற்கும் காற்றால் குளிரும் வகை. இரண்டாவது வகை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். முதலாவது உள்ளுக்குள்ளேயே ஒழுகும் என்பதால் கண்டுபிடிக்க நிதானம் வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் பொதுவாக 3 முதல் 5 பார் வரை இருக்க, ரேடியேட்டர் தண்ணீரின் அழுத்தம் ஒரு பாரைச் சுற்றியே இருக்கும். எனவே கோரில் வெடிப்பு இருந்தால் ஓடும் நேரத்தில் ஒயில்தான் தண்ணீருக்குள் போகும். ரேடியேட்டர் வாயிலும் மேலதிகத் தண்ணீர்ப் போத்தலிலும் கரும்பழுப்புப் பசை மிதக்கும். எஞ்சினை நிறுத்தியதும் ஒயில் அழுத்தம் உடனே பூச்சியத்துக்கு இறங்கிவிட, சூடான தண்ணீரின் அழுத்தம் இன்னும் சிறிது நேரம் நிற்பதால், அப்போது தண்ணீர் ஒயிலுக்குள் கசிந்து, எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பில் இறங்கும். ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஒயில் பால் தேநீர் நிறத்தில் ஏறி வருவது இதனால்தான்.

இதே அடையாளங்களில் பாதியை சிலிண்டர் ஹெட் கெஸ்கட் பழுதும் காட்டும். இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை இயக்கி, யாரையாவது எக்சிலரேட்டரை மெல்ல ஏற்றி இறக்கச் சொல்லி, தண்ணீரைக் கவனிக்க வேண்டும். இடைவிடாமல் காற்றுக் குமிழிகள் எழுந்தாலோ, புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். குமிழி இல்லை, புகை இல்லை, ஆனால் தண்ணீரில் ஒயில் மட்டும் கூடிக்கொண்டு போகிறது என்றால் கூலரின் பக்கம் திரும்பலாம். சூடான எஞ்சினில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. மூடியைத் திறந்த கணமே கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

நுவரெலியா, கந்தப்பளை போன்ற குளிரான இடங்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. கடைக்கும் பாடசாலைக்கும் மட்டும் குறுந்தூரம் ஓடும் வாகனத்தில், எஞ்சின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்தப்படுவதால் உள்ளே நீராவி படிந்து, ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மஞ்சள் பசையாக ஒட்டியிருக்கும். டிப் ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருந்து, தண்ணீர் மட்டமும் குறையவில்லையென்றால் அது கூலர் பழுது அல்ல. மூடியைத் துடைத்துவிட்டு ஒரு நீண்ட ஓட்டம் ஓடினாலே போதும். இந்தப் பசையைப் பார்த்துக் கூலரைக் கழற்றுவது வீண் செலவு.

கழற்றும்போது

எஞ்சின் ஆறிய பின் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, தண்ணீரை முதலிலும் ஒயிலை அடுத்தும் வடிக்கவும். புளொக்கில் தனியாக ஒரு தண்ணீர் வடிகால் நட் இருந்தால் அதையும் திறக்க வேண்டும். ரேடியேட்டரை மட்டும் வடித்துவிட்டுக் கூலர் மூடியைத் தளர்த்தினால் புளொக்கில் நின்ற தண்ணீரெல்லாம் ஒயில் வழிகளுக்குள் இறங்கும். வடித்த ஒயிலில் சில துளிகளை வெள்ளைப் பீங்கான் தட்டொன்றில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோகவும். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிற அல்லது வெள்ளி நிறத் துகள்கள் பெயாரிங்கிலிருந்து வந்தவையாக இருக்கலாம். அப்படியானால் பிரச்சினை கூலரைவிடப் பெரியது.

மூடியின் போல்ட்கள் ஒரே நீளமாக இருப்பதில்லை. ஒரு காட்போட் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தால் திரும்பப் பூட்டும்போது தடுமாற்றமில்லை. நீள போல்டைக் குட்டையான துளையில் முறுக்கி அலுமினிய மரையை உடைத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் மிகவும் செலவு வைக்கும் விபத்து. பழைய கெஸ்கட்டைச் சுரண்ட உளியோ மண்தாளோ வேண்டாம். பித்தளைத் தகடு அல்லது கெட்டியான பிளாஸ்டிக் துண்டு போதும். சுரண்டிய தூள் ஒயில் துளைகளுக்குள் விழாதபடி துணியால் அடைத்துக்கொள்ளவும், அடைத்த துணியைப் பின்னர் மறக்காமல் எடுக்கவும்.

கூலருடன் அல்லது ஃபில்டர் தாங்கியுடன் பைபாஸ் வால்வு ஒன்று இருக்கும். கூலர் அடைத்துக்கொண்டால் இந்த வால்வு திறந்து, ஒயிலைக் குளிர்விக்காமலே எஞ்சினுக்கு அனுப்பும். அடைத்த கூலரோடு ஓடும் வாகனம் உடனே நின்றுவிடாமல், ஏற்றத்தில் மட்டும் ஒயிலை அளவுமீறிச் சூடாக்குவதற்கு இது ஒரு காரணம். ஒரு மெல்லிய குச்சியால் வால்வை அழுத்திப் பார்க்கவும். உள்ளே போய் ஸ்பிரிங்கின் வலுவில் சட்டென்று திரும்பி வர வேண்டும். திறந்தபடி ஒட்டிக்கொண்ட வால்வை விட்டுவிட்டுக் கூலரை மட்டும் மாற்றினால் பயனில்லை.

கோரைச் சோதித்தல்

இதை ரேடியேட்டர் கடையில் சிறு தொகைக்குச் செய்து தருவார்கள். வீட்டிலும் செய்யலாம். கோரின் ஒயில் துளைகள் இரண்டில் ஒன்றை இரும்புத் தகட்டாலும் பழைய டியூப் ரப்பராலும் போல்ட் போட்டு அடைக்க வேண்டும். மற்றதற்கு 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டில் 11.5 மில்லிமீற்றர் துளையிட்டு, சாதாரண டியூப்லெஸ் டயர் வால்வை உட்புறமிருந்து இழுத்துப் பொருத்தி, அந்தத் தகட்டையும் ரப்பருடன் இறுக்கவும். வால்வின் அடிப்பகுதி அமர இடம் போதாத குறுகிய துளையென்றால் கடைக்கே கொண்டுபோவது நல்லது.

பிறகு கோரை ஒரு பேசினில் 60 பாகை அளவு சூடான தண்ணீரில் அமிழ்த்தி, மானி உள்ள கால் பம்பினால் முதலில் 30 பி.எஸ்.ஐ. வரை, அதில் ஒழுகாவிட்டால் 60 பி.எஸ்.ஐ. வரை காற்றேற்றவும். வாகனத்தின் கையேட்டில் சோதனை அழுத்தம் குறிப்பிடப்பட்டிருந்தால் அதுவே சரியான அளவு. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இல்லாத கொம்பிரஷரை நேராகக் கொடுக்க வேண்டாம், காற்றேறிய கோருக்கு நேர் மேலே முகத்தை வைத்துப் பார்க்கவும் வேண்டாம். ஆரம்பத்தில் தகடுகளின் இடுக்கிலிருந்து பிரியும் சில குமிழிகளைப் பொருட்படுத்தத் தேவையில்லை. பத்து நிமிடம் கழித்தும் ஒரே இடத்திலிருந்து மணிமணியாக வரிசை எழுந்தால் அது வெடிப்பு. குளிர்ந்த நீரில் சோதிப்பதை நான் ஏற்பதில்லை. சூட்டில் மட்டும் வாய் திறக்கும் மயிரிழை வெடிப்புகள் அதில் தப்பிவிடும்.

கோர் ஒழுகவில்லையென்றால் கெஸ்கட்டும் ஓ-ரிங்கும்தான் குற்றவாளிகள். உங்கள் செலவு அத்தோடு நின்றது. ஒழுகினால் அந்தக் கோரை வைத்து மினக்கெட வேண்டாம். ஈயப்பற்று ஒயிலின் அழுத்தத்தையும் சூட்டையும் நாள்பட்டுத் தாங்காது. ஒட்டுப் பசைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கூலரை அடைத்துவிட்டு ஒயிலை நேர்வழியில் விடுகிற பழக்கமும் சில இடங்களில் உண்டு. தட்டையான ஊரில் அப்படிச் சில காலம் ஓட்டிவிடலாம் என்று வாதிடுவோர் இருக்கலாம். பாரமேற்றி மலையேறும் வாகனத்தில் எந்தக் கராஜ் பாஸ் வந்து சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

பாவித்த கூலர் வாங்கும்போது

கொழும்பு பஞ்சிகாவத்தையிலும், சிறிய அளவில் மலையக நகரங்களின் உடைத்த வாகனக் கடைகளிலும் ஜப்பானிய எஞ்சின்களின் கூலர்கள் கிடைக்கின்றன. பழைய கோரையும் கெஸ்கட்டையும் கையோடு எடுத்துச் செல்லவும். எஞ்சின் பெயர் ஒன்றாக இருந்தாலும் டர்போ உள்ளதற்கும் இல்லாததற்கும் தகடுகளின் எண்ணிக்கை வேறுபடலாம்; அடுக்கு கூடினால் மூடிக்குள் அடங்காது. துளைகளின் இடைவெளி, அடுக்குகளின் எண்ணிக்கை, கெஸ்கட் படியும் முகத்தின் மட்டம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்தக் கூலர் கழற்றப்பட்ட எஞ்சின் எதனால் நின்றது என்பது. விபத்தில் உடைந்த வாகனத்தின் கூலர் நல்லது. பெயாரிங் உருகி, கிராங் கடித்து நின்ற எஞ்சினின் கூலரை இலவசமாகத் தந்தாலும் வாங்கக் கூடாது. தகடுகளுக்கு நடுவிலுள்ள நெளிவான இடுக்குகளில் சிக்கிய உலோகத் துகள்களை எந்தக் கழுவலும் முழுமையாக வெளியேற்றாது. சூடான ஒயில் பாயத் தொடங்கிய பின் அவை சிறிது சிறிதாகக் கிளம்பி, ஃபில்டர் கூலருக்கு முன்னால் அமைந்த எஞ்சினென்றால் நேரே புதிய பெயாரிங்குக்குப் போய்ச் சேரும். இதே காரணத்தால், உங்கள் எஞ்சினே பெயாரிங் போய்த் திருத்தப்பட்டதென்றால் அதன் பழைய கூலரையும் திரும்பப் பூட்ட வேண்டாம். கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், சிறு டோர்ச்சினால் துளைக்குள் பார்த்து, வெள்ளைத் துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டெடுத்து மினுக்கம் இருக்கிறதா என்று கவனிக்கவும்.

சோதனையில் ஒழுகினால் திருப்பி எடுப்பதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவது அவசியம். எழுத மறுப்பவரிடம் வாங்காதிருப்பது மேல். பாவித்ததன் விலை புதிய மாற்றுக் கூலரின் விலையில் பாதியைத் தாண்டுகிறதென்றால் புதியதையே வாங்கலாம் என்பது என் கருத்து.

கழுவுதல்

ஒயில் பக்கத்துக்கு மண்ணெண்ணெய் போதும். கோரை நிறைத்து ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஒயில் வழமையாகப் பாயும் திசைக்கு எதிர்த்திசையில் புதிய மண்ணெண்ணெயை ஊற்றிக் குலுக்கி, வெளியே வருவதை வெள்ளைத் துணியில் வடிகட்டவும். துணியில் கறுப்புப் பசை வந்தால் தொடர்ந்து கழுவலாம், மினுக்கம் வந்தால் கோரை எறியலாம். துணி சுத்தமாகும்வரை கழுவி, கவிழ்த்து வடியவிட்டு, மெல்லிய காற்றடித்து உலர்த்தி, கடைசியில் கொஞ்சம் புதிய எஞ்சின் ஒயிலை ஊற்றிச் சுழற்றி வடிக்க வேண்டும். பெற்றோல் வேகமாகக் கழுவும் என்பது உண்மைதான். அதன் ஆவி தீப்பிடிப்பதும் அதே வேகத்தில்தான்.

தண்ணீர்ப் பக்கத்தில் நம்மூரில் பெரும்பாலும் காண்பது துருச்சேறு. மலையக ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவென்பதால் யாழ்ப்பாணத்து வாகனங்களைப் போல் வெள்ளைப் பாறை பிடிப்பதில்லை. ஆனால் கூலன்ற் சேர்க்காமல் பீலித் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றி வந்தால் புளொக்கின் இரும்பு கரைந்து இந்தச் சேறு படிகிறது. நைலோன் தூரிகையால் தேய்த்த பின், ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு 50 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து அரை மணி நேரம் ஊறவைக்கவும். பிறகு அப்பச்சோடா கலந்த நீரிலும், கடைசியாக வெறும் நீரிலும் அலச வேண்டும். கழிப்பறை கழுவும் அமிலம் கூடாது. அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருப்பிடிக்காத எஃகையும் குழிகுழியாக அரிக்கும். ரேடியேட்டர் கடையில் கொடுத்துக் கழுவினால், கோர் அலுமினியமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடவும். செம்பு ரேடியேட்டருக்கு வைத்திருக்கும் கோஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டால் அலுமினியம் கரைந்து ஓட்டையாகும்.

காற்றால் குளிரும் வகைக்கு இவ்வளவு பாடு இல்லை. பின்புறமிருந்து மெல்லிய தண்ணீர் அடித்து, அப்பிய சேற்றையும் பூச்சிகளையும் முன்புறமாகத் தள்ளி, சாய்ந்த செட்டைகளை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. அதன் ஹோஸ்கள் வெடித்திருந்தால் பெற்றோல் குழாயை வெட்டிக் கிளிப் போட வேண்டாம். ஹைட்ரோலிக் ஹோஸ் செய்யும் கடையில், ஒயிலின் சூட்டைத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு, பழைய முனைகளுக்குப் பொருந்த அழுத்தி வாங்கலாம்.

பூட்டுதலும் முதல் ஓட்டமும்

கெஸ்கட்டும் ஓ-ரிங்கும் புதியவையாக இருக்க வேண்டும்; இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் சாதாரண ஓ-ரிங் சூடான ஒயிலில் ஊதிப் பழுதாகும், ஆகவே எஞ்சினுக்கென்றே கேட்டு வாங்கவும். சிலிக்கன் பசையை அள்ளிப் பூசுவோர் பலர். உட்புறமாகப் பிதுங்கிய பசை பிய்ந்து ஒயில் வழியை அடைக்கும். கையேடு சொல்லும் இடத்தில் மட்டும், மெல்லிய கோடாக வைத்தால் போதும். போல்ட்களை நடுவிலிருந்து வெளியே, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்கவும். அலுமினியத்தில் ஏறும் சாதாரண 8 மில்லிமீற்றர் போல்டுக்கு 20 நியூட்டன் மீற்றர் அளவு போதுமானது; டோர்க் ஸ்பெனர் இல்லாதவர் குட்டை ஸ்பெனரைப் பிடித்து மணிக்கட்டின் பலத்தால் மட்டும் இறுக்கலாம்.

புதிய ஃபில்டர் வாய் மேலே பார்க்க நிமிர்த்திப் பூட்டும் வகையானால் அதில் ஒயில் நிரப்பிப் பூட்டவும். எஞ்சினில் ஒயிலையும் தண்ணீரையும் திரும்ப நிரப்பி, பற்றரி வயரைத் திரும்ப இணைத்து, டீசல் நிறுத்தும் சொலினொயிட்டின் வயரைக் கழற்றி, அல்லது ஸ்டொப் கேபிளை இழுத்துப் பிடித்து, ஒயில் லைட் அணையும்வரை பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அதன் பிறகே எஞ்சினை இயக்கலாம். ஒயிலில் தண்ணீர் கலந்திருந்த எஞ்சினென்றால் முதலில் மலிவான ஒயிலை ஊற்றி, பாரமில்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடோடு வடித்து, ஃபில்டரையும் மாற்றிவிட்டு நல்ல ஒயிலை ஊற்றவும்.

தண்ணீர் வழியில் புகுந்த ஒயிலை எடுக்கத்தான் பொறுமை அதிகம் தேவை. தர்மோஸ்டாட்டைத் தற்காலிகமாகக் கழற்றி, நுரை குறைந்த பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிதளவு தண்ணீரில் கலந்து ஊற்றி, எஞ்சின் சூடேறும்வரை ஓடவிட்டு, ஆறிய பின் வடிக்கவும். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஒயில் பட்டு ஊறி மெத்தென்றிருக்கும் ஹோஸ்களை இப்போதே மாற்றிவிடலாம். ரேடியேட்டர் மூடியையும் சோதிப்பது நல்லது. ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அழுத்தம் பிடிக்காத மூடியோடு அங்கே ஏறினால் கூலர் புதியதாக இருந்தும் வாகனம் கொதிக்கும்.

தர்மோஸ்டாட்டைத் திரும்பப் பூட்டி, கூலன்ற் கலந்த நீரை நிரப்பும்போது வாகனத்தின் மூக்கு மேலே பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டால், சிக்கிய காற்று ரேடியேட்டர் வாய்க்கு ஏறிவந்து வெளியேறும். இதற்கு மலையகத்தில் சரிவு தேடி அலைய வேண்டியதில்லை. ஒயில் மட்டத்தைப் பார்க்க மட்டும் சமதரைக்குக் கொண்டுவரவும்.

வடித்த ஒயிலையும் கழுவிய மண்ணெண்ணெயையும் கானில் ஊற்ற வேண்டாம்; ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கான்கள் இறங்கும் ஓயாக்கள்தான் மகாவலிக்கும் களனிக்கும் தண்ணீர் கொடுக்கின்றன. கலனில் அடைத்து வைத்து, பழைய ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்கலாம். பழைய கூலன்ற் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிச் செத்துப்போகும். அதையும் மூடியே வைக்கவும்.

முதல் வாரம் ஒவ்வொரு காலையும் ரேடியேட்டர் வாயையும் டிப் ஸ்டிக்கையும் பார்க்கவும். கழுவலில் தப்பிய சிறு எண்ணெய்ப் படலம் இரண்டொரு நாள் மிதப்பது இயல்பு, அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால் பாரம் ஏற்றுவதை நிறுத்தி, பற்றுச்சீட்டோடு கூலர் வாங்கிய கடைக்குப் போகவும்.